இருபத்திமூணு தாளுக்கு மேல் ஊசி போகாது

1

இந்தக் கதை ஒரு புகார் மனுவில் பிறந்தது. மனுவை எழுதியவன் நான்தான். பாதிக் கதையில் நீங்களாகக் கண்டுபிடித்து "அடப்பாவி, நீதானா அது?" என்று கேட்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மனு இப்படித் தொடங்கியது: "மதிப்பிற்குரிய ஐயா, என்னால் அன்பளிப்பாக வழங்கப்பட்ட 414 பக்க நாவலை, மேற்படி பள்ளியின் பகுதிநேரத் தையல் ஆசிரியை திருமதி சகாயசெல்வி என்பவர் பிளேடால் ஒன்பது துண்டுகளாக அறுத்து..." மீதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு பக்கம் போகிறது. நாவலைவிட மனு விறுவிறுப்பாக வந்திருக்கிறது என்பது தனிக் கொடுமை.

பள்ளி, திண்டுக்கல்லுக்கும் சின்னாளபட்டிக்கும் நடுவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு நான் ஏற்கெனவே செய்த உபகாரம் போதும்.

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். முதல் முயற்சி: "சகாயசெல்வி டீச்சரின் தையல் மிஷின் சத்தம் அந்தப் பள்ளியின் இதயத் துடிப்பாக—" அடித்துவிட்டேன். அந்த அம்மாள் படித்தால் சிரித்தே செத்துப்போவார். (படிக்க மாட்டார். அது பின்னால் வருகிறது.) இரண்டாவது: "அரசுப் பள்ளி நூலகங்கள் இன்று சந்திக்கும் நிதி நெருக்கடியை நோக்குமிடத்து—" இதை எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

மூன்றாவது, நடந்ததைச் சொல்வது. வாசிப்பு வாரத்துக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். துண்டு போட்டார்கள், பேசினேன், கை தட்டினார்கள். பிறகு தலைமையாசிரியர் பாண்டியராஜிடம், "நான் குடுத்த நாவல் எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன். எழுத்தாளனுக்கு அது ஒரு வியாதி. அவர் என்னை மாடிப்படிக்கு அடியில் கூட்டிப்போனார். அங்கே சுவருக்குச் சுவர் நைலான் கயிறு கட்டி, அதில் துணி மாட்டுகிற கிளிப்பில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது

2

என் நாவல்.

(வாக்கியம் பாதியில் அறுந்து அடுத்த எண்ணுக்குப் போனது அச்சுப்பிழை இல்லை. காரணம் வரும். இந்தக் கதையை நான் கையால் எழுதுகிறேன், பெரிய எழுத்து, கோடு போட்ட தாளில் ஒரு பக்கம் மட்டும். எத்தனையாவது தாள் என்று மூலையில் எண் போட்டு வருகிறேன். அதற்கும் காரணம் வரும்.)

ஒன்பது துண்டு. ஒவ்வொன்றையும் இடது ஓரத்தில் மிஷின் தையல் போட்டு, பழைய பிளெக்ஸ் பேனரை வெட்டி அட்டை போட்டிருந்தார்கள். இரண்டாம் பாகத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. மூன்றாம் பாகத்தில் ஏதோ ஒரு மாப்பிள்ளையின் கூலிங் கிளாஸும் அரை மீசையும். ஐந்தாம் பாகத்தின் அட்டையில் 'கண்ணீர் அஞ்சலி' என்று மட்டும் இருந்தது. அது விமர்சனமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான்காம் பாகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். "அவள் கதவைத் திறந்தபோது உள்ளே" என்று நின்றது. உள்ளே என்ன? அதற்குத்தானய்யா நான் நாற்பது பக்கமாக மூச்சைப் பிடித்து எழுதிக்கொண்டு வந்தேன்! அந்த இடத்தில் பிளேடு.

பதினோரு வருடம் எழுதிய நாவல் அது. ஆனாலும் கொடுத்த வடையைத் தின்றேன், டீயைக் குடித்தேன், எல்லோருக்கும் கும்பிடு போட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் மனு எழுதினேன்.

3

இரண்டு வாரம் கழித்துப் பாண்டியராஜ் போன் செய்தார்.

"என்ன சார் இப்பிடிப் பண்ணிட்டீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? விசாரணைக்கு ஆள் வாராங்க."

"கோபத்துல எழுதிட்டேன் சார்."

"உங்களுக்குக் கோபம், சரி. அந்தம்மா பகுதிநேரம் சார். வாரத்துல மூணு அரைநாளு. வருசா வருசம் புதுப்பிக்கணும். சேதம்னு ஒரு வரி எழுதிட்டா வர்ற வருசம் வேலை கெடையாது. நூலகமும் போச்சு. வேற எவன் சார் எடுத்துச் செய்வான்?"

உண்மையிலேயே வேறு எவனும் செய்யவில்லை. நூலகர் என்று அங்கே ஒரு பதவியே இல்லை. நூலகமாக இருந்த அறையைக் கம்ப்யூட்டர் லேபுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது, பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டும். வருகிற மானியம் சாக்பீஸ், துடைப்பம், கழிப்பறை ஆசிட் என்று கரைந்துபோய், மிஞ்சியதில் தலைப்புக்கு ஒரு புத்தகம் வரும். அதுவும் இரும்புப் பீரோவில் போய் உட்காரும். தொலைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும் என்பதால் முந்திய பொறுப்பாசிரியர்கள் ஒருத்தரும் பீரோவைத் திறக்கவே இல்லை. பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாங்கள், எதைக் கொடுத்தாலும் முதலில் பூட்டுவோம். என் நாவலும் அதற்குள் நான்கு வருடம் கிடந்ததாம். சீந்த ஆளில்லாமல்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. சகாயசெல்வி என்கிற பாத்திரத்தை நான் ஒழுங்காகச் செய்கிறேனா? வாசகருக்கு இப்போது மெழுகுவர்த்தி போல உருகுகிற ஓர் அன்பான டீச்சர் தெரிகிறார் என்றால் தயவுசெய்து அணைத்துவிடுங்கள். அவர் உருகுகிற ஆளே இல்லை. மேட்டுப்பட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர், குரல் தெருமுனைக்குக் கேட்கும், பேச்சுக்கு நடுவில் நூலைப் பல்லால் கடித்துத் துப்புவார். விசாரணை நாளன்று என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை:

"வாங்க சார். மனு நல்லா எழுதியிருந்தீங்களாமே."

4

விசாரணைக்கு வந்த அதிகாரி பொன்னழகு என்கிற அம்மாள். தொப்பம்பட்டிப் பக்கம். பேச்சில் மரியாதை சொட்டும், பேனா மட்டும் மூடாது. தையல் வகுப்பிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் சாட்சிக்காகப் பையில் என் நாவலின் முழுப் பிரதி ஒன்றை வைத்திருந்தேன். இந்தப் பையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏனுங்க டீச்சர், புத்தகத்தை எதுக்குங்க வெட்டுனீங்க?"

சகாயசெல்வி மிஷினை மிதிப்பதை நிறுத்தவில்லை. "மேடம், லைப்ரரிக்கு வாரத்துக்கு ஒரு பீரியடு. ஒம்பதாப்புல நாப்பத்தொரு பிள்ளைக. ஒரு கதைக்கு ஒரே புத்தகம். ஒருத்தி தூக்கிட்டுப் போனா மத்தவளுக வாயப் பாத்துக்கிட்டு இருக்கணும். அதுலயும் இம்புட்டுத் தண்டிப் புத்தகத்தைப் பாத்தாலே ஓடுதுக. போன் பாத்துப் பழகுன பிள்ளைக மேடம், மெலிசா இருந்தாத்தான் கையில எடுக்கும். துணியை முழுப் பீஸாவா உடுத்துறோம்? வெட்டித்தானே தைக்கிறோம்?"

பொன்னழகு எழுதிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"வெட்டுங்க டீச்சர், வேணாங்கல. அத்தியாயம் முடியற இடத்துல வெட்டக்கூடாதா? பாதி வாக்கியத்துலயா?"

"இருபத்திமூணு தாளுக்கு மேல ஊசி போகாது சார். பதினெட்டாம் நம்பர் ஊசி. மீறிப் போட்டா ஒடைஞ்சு கண்ணுல தெறிக்கும்." நூலைக் கடித்துத் துப்பினார். "மொதப் புத்தகத்தை நீங்க சொல்ற மாதிரித்தான் சார் வெட்டுனேன். அத்தியாயம் பாத்து, அழகா. ஒரு பிள்ளையும் அடுத்த பாகத்தைக் கேட்டு வரல. 'அதான் முடிஞ்சிருச்சுல்ல டீச்சர்'ங்குதுக. ரெண்டாவது உங்க புத்தகம், அதுல ஊசி ஒடைஞ்சுபோச்சு. சரி சனியன்னு தாளை எண்ணிக் குத்துமதிப்பா வெட்டிப் போட்டேன். மறுநா காலைல மணி அடிக்க முன்னாடி நாலு பேர் நிக்கிறாளுக. 'டீச்சர், கதவைத் தொறந்தா உள்ள என்ன இருந்துச்சு?'"*

* எனக்கு ஆத்திரம் பாதியாகக் குறைந்தது இந்த இடத்தில்தான். பதினோரு வருடமாக அத்தியாய முடிவுகளை இழைத்தவன் நான். என் நாவலை ஒருவர் அவசரமாகத் தேடி வந்தார் என்று அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. அதைச் சாதித்தது ஒரு பதினெட்டாம் நம்பர் ஊசி.

"சரி, நீங்க என் நாவலைப் படிச்சீங்களா டீச்சர்?"

"படிச்சா எனக்குத் தூக்கம் வந்துரும் சார். ஆனா உங்க கதை முழுசும் தெரியும். மிஷின் மிதிச்சுக்கிட்டே கேட்டிருக்கேன்."

கேட்டிருக்கிறாரா? யார் சொல்லி? அதற்குப் புத்தகம் கொடுத்து வாங்குகிற பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பொன்னழகு அதைக் கேட்டு வாங்கிப் பிரித்தார். எடுத்தவர், தேதி, பாகம் என்று எல்லாப் பள்ளியிலும் இருக்கிற கட்டங்கள்தான். நாலாவதாக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு சகாயசெல்வி ஒரு கட்டம் சேர்த்திருந்தார். அதன் தலைப்பு

5

கதை சொன்னவர்.

சட்டம் இதுதான். உனக்கு ஐந்தாம் பாகம்தான் கிடைக்கிறது, முந்தியவை வேறு ஆட்களிடம் இருக்கின்றன என்றால், கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்காதே. நாலு வரைக்கும் படித்தவளைத் தேடிப்போ. அவள் கதை சொல்ல வேண்டும், நீ கேட்க வேண்டும். சொன்னவள் நாலாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டால்தான் கிளிப்பிலிருந்து புத்தகம் இறங்கும். இதனால் அந்த வகுப்பில் என்ன ஆயிற்றென்றால், ஒரு புத்தகத்தை ஒரே நேரத்தில் ஒன்பது பேர் வாசிக்க, ஒன்பது பேர் சொல்ல, மிச்சப் பேர் ஒட்டுக்கேட்க ஆரம்பித்தார்கள். பேருந்தில் சொன்னார்கள், பம்புசெட்டில் சொன்னார்கள், சாப்பாட்டு வரிசையில் தட்டை ஏந்திக்கொண்டே சொன்னார்கள்.

நான் இதை மெச்சி இன்னும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். நூறு மாநாட்டில் வாசிப்புப் பண்பாடு பற்றிப் பேசியிருக்கிறேன். ஓர் உருப்படியான கட்டம் போடத் தோன்றியதில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பொன்னழகு பதிவேட்டை மூடினார். "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா நான் பாக்க வந்தது புகார்ல இருக்கற புத்தகம். வெட்டுனது சேதமா இல்லையான்னு நான் எப்படி வேணா எழுதிக்கலாம். உருப்படி குறையக் கூடாது. கொண்டாங்க, எண்ணிப் பாக்கலாம்."

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்மதி கயிற்றிலிருந்து கிளிப்பைக் கழற்றிக் கழற்றிக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினாள். மஞ்சள் நீராட்டு, அரை மீசை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் வந்தன. எட்டு.

"ஒம்பதாவது?"

மிஷின் நின்றது. அன்றைக்கு அது நின்றது அப்போதுதான்.

6

"இல்ல மேடம்," என்றார் சகாயசெல்வி.

"தொலைஞ்சிருச்சுங்களா?"

"தொலையல. குடுத்துவிட்டேன். இளவேனில்னு ஒரு பிள்ளை, இதே வகுப்பு. அப்பன் ஆத்தா திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குக் கெளம்பிட்டாக. இந்தப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு. எட்டு பாகம் படிச்சு முடிச்சிட்டா, ஒம்பதாவது மட்டும் பாக்கி. வாசல்ல வண்டி நிக்குது. கயித்தப் பாத்துக்கிட்டே நிக்கிறா. 'கொண்டு போடீ'ன்னேன். முடிவு தெரியாம எப்பிடி அனுப்புறது?"

பாண்டியராஜ் தலையில் கை வைத்தார். பொன்னழகின் பேனா தாளுக்கு வந்தது. அரசுச் சொத்து, உருப்படி குறைவு, பொறுப்பாளர் தெரிந்தே கொடுத்தது. இதற்கு மேல் ஒரு வேலையைப் பறிக்க என்ன வேண்டும்? எல்லாம் என் மனுவின் புண்ணியம்.

நான் சும்மா இருக்க முடியாமல் தமிழ்மதியிடம் கேட்டேன். "அப்ப ஒங்களுக்கெல்லாம் கதையோட முடிவு தெரியாதாம்மா?"

"தெரியுமே சார்! இளவேனில் போன்ல சொன்னா." பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். ஒன்பதாம் பாகத்துக்கு நேரே, கதை சொன்னவர் கட்டத்தில் 'இளவேனில் (போனில்)' என்று எழுதியிருந்தது.

"சொல்லு பாப்போம்."

நாவலை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள், பரவாயில்லை, யாரும் படிக்கவில்லை. வெங்காயப் பேட்டையில் வேலை செய்கிற சிவனம்மாள் என்பவள் அடிக்கிற புருசனை விட்டுக் கிளம்பிவிடுகிறாள். எட்டாம் பாகம் இப்படி அறுகிறது: "சிவனம்மாள் பேருந்து நிலையத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு நிமிடம் நின்று,". நான் எழுதிய ஒன்பதாம் பாகத்தில் அவள் பெருமூச்சு விட்டு அதே வீட்டுக்குத் திரும்பி நடக்கிறாள். யதார்த்தமான முடிவு என்று பத்திரிகையில் பாராட்டினார்கள்.

தமிழ்மதி சொன்னாள்: "நின்னு, அப்பிடியே திரும்பி, திருப்பூர் பஸ் எங்கன நிக்கும்னு கேட்டாங்க சார். போயி கம்பெனில சேந்துட்டாங்க. ரூம் எடுத்தாங்க. அப்பறம் தங்கச்சியக் கூப்பிட்டு வச்சு, அங்கயே ஸ்கூல்ல சேத்துவிட்டாங்க. மொத நாளு தங்கச்சிக்கு யூனிபாரம் தச்சது சிவனம்மாதான். சூப்பரா முடிச்சிருக்கீங்க சார்."

என் நாவலில் சிவனம்மாளுக்குத் தங்கச்சியே கிடையாது.

"இளவேனில் அங்க எந்த ஸ்கூல்ல படிக்கிறா?" என்று கேட்டேன்.

"இன்னும் சேக்கலயாம் சார்," என்றாள் தமிழ்மதி.

7

பொன்னழகு என் பக்கம் திரும்பினார். "ஈஸ்வரன் சாருங்களே, உங்ககிட்ட வேற பிரதி இருந்தா சொல்லுங்க. ஒம்பதாவது பாகத்தை மட்டும் எடுத்து வெச்சுட்டா உருப்படி சரியாப் போயிரும். நானும் முடிச்சுட்டுக் கெளம்பிருவேன்."

பையை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? என் கை பைக்குள்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் சகாயசெல்விக்கு வேலை நிலைக்கும். நாளை காலை அது கயிற்றில் தொங்கும், நாற்பது பிள்ளைகளும் முண்டியடித்துப் படிப்பார்கள். சிவனம்மாள் தலை குனிந்து வீட்டுக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை போனில் தமிழ்மதி கேட்பாள்: "ஏன்டி பொய் சொன்ன?"

(இளவேனில் ஏன் மாற்றிச் சொன்னாள் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்று: படித்தாள், பிடிக்கவில்லை, மாற்றினாள். இரண்டு: வண்டியில் மூட்டை முடிச்சோடு ஒன்பதாம் பாகம் எங்கோ விழுந்துவிட்டது, கூட்டாளிகளை ஏமாற்ற மனசில்லாமல் தானே முடித்தாள். மூன்று: அவள் சரியாகத்தான் சொன்னாள், மாற்றியது தமிழ்மதி. எனக்கு எதுவென்று தெரியாது. உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.)

ஒன்பதாம் பாகத்தை நான் எழுதியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து. அந்தப் பிள்ளை அதைச் சொன்னது பள்ளிக்கூடம் இல்லாத ஓர் ஊரிலிருந்து. அவளுக்கு என்று பார்த்தால், பள்ளிக்கூடம் இல்லாத ஊர்தானே அது?

பையை மூடினேன். ஒரு வெள்ளைத் தாள் கேட்டேன்.

8

முதல் வரைவு: "கோபத்தில் எழுதிய மனுவை வருத்தத்துடன்—" அடித்தேன். வருத்தம் உருப்படியைக் கூட்டாது. இரண்டாவது: "ஒன்பதாம் பாகம் என் வேண்டுகோளின்பேரில்—" அதையும் அடித்தேன். மூன்றாவதைக் கொடுத்தேன்:

"நான் மேற்படி பள்ளிக்கு அன்பளித்த நாவல் பாகங்களாகப் பிரிக்கப்பட்டதில் எனக்கு முழுச் சம்மதம். அந்த நாவலுக்கு எட்டுப் பாகங்களே உண்டு; மனுவில் ஒன்பது என்று குறித்தது என் பிழை. எட்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. அதன் முடிவு இன்னும் எழுதப்படவில்லை. என் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இப்படிக்கு, நூலாசிரியர்."

பொன்னழகு இரண்டு முறை படித்தார். என்னைப் பார்த்தார். புடைத்திருந்த என் பையைப் பார்த்தார். எட்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "ஒரு நிமிடம் நின்று," என்பதையும் பார்த்தார்.

"எட்டுங்களா?"

"எட்டுங்க."

"சரிங்க. எட்டு இருக்குது. சரியா இருக்குது." எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாளுக்கு நான் இந்த ஜென்மத்துக்கும் கடன்பட்டவன்.

சகாயசெல்வி நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். அவர் மிஷின் டிராயரைத் திறந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். திருப்பூர் முகவரி.

"பள்ளிக்கூடத்துல சேத்துவிடுங்கன்னு போன்ல சொல்லிப் பாத்தேன், அவ அப்பன் கேக்கல சார். டிசி எல்லாம் இங்கருந்தே ஆன்லைன்ல ஏத்திவிட்ரலாம், அங்க சேக்கறதுக்கு ஆளு கூடப் போகணும்ல. நேர்ல போயிப் பேசுங்க. உங்களுக்குத்தான் மனுவெல்லாம் அம்புட்டு நல்லா எழுத வருதே."

"நானா?"

"பின்ன? முடிவு எழுதலைன்னு கையெழுத்துப் போட்டீங்கள்ல?"

அப்புறம், கிளம்பும்போது சொன்னார்: "இதையும் கதையா எழுதுவீக. எழுதுனா கொண்டாங்க, தச்சுத் தொங்கவிடுவோம். தாளை மட்டும் எண்ணிக்கங்க."

எண்ணிக்கொண்டுதான் வந்தேன். இது இருபத்திமூன்றாவது தாள், அடியில் இன்னும் மூன்று வரிக்குத்தான் இடம் இருக்கிறது. இதற்கு மேல் ஊசி போகாது. அன்று மாலை சின்னாளபட்டி டவுன்பஸ்ஸில் ஏறி, சட்டைப் பையில் அந்தச் சீட்டோடு, திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு நிமிடம் நின்று,

9

எடுத்தவர்: நீங்கள்

கதை சொன்னவர்: ....................